ஸ்லைடு திரைக்கு வருகிறது: நெல்லைச் சீமையின் திசுப் பரிசோதனையில் மாறுவதும் மாறாததும்

மார்பில் கட்டி, வாயில் ஆறாத புண், மாதவிலக்கு நின்று பல ஆண்டுகளுக்குப் பிறகு மறுபடியும் உதிரப்போக்கு. இப்படி ஏதோ ஒன்றுக்காக ஒருவர் மருத்துவமனைக்குப் போனால், ஊரும் உறவும் முதலில் விசாரிப்பது ஸ்கேனைப் பற்றித்தான். ஸ்கேன் கட்டியின் இடத்தையும் அளவையும் காட்டும். அது புற்றுநோய்தானா, எந்த வகை, எவ்வளவு வீரியமானது என்று பெரும்பாலும் உறுதி சொல்வது 75 மில்லிமீட்டர் நீளமும் 25 மில்லிமீட்டர் அகலமும் கொண்ட, ஸ்லைடு எனப்படும் ஒரு கண்ணாடித் துண்டு. அதன்மேல் ஒட்டியிருக்கும் சதைச் சீவல் 3 முதல் 5 மைக்ரான் கனம்தான். தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. அதை நுண்ணோக்கியில் பார்த்து நோய்க்குறியியல் மருத்துவர் எழுதும் சில வரிகளை வைத்துத்தான் அறுவையா, கதிர்வீச்சா, மருந்தா என்ற பேச்சே தொடங்கும்.

அந்தக் கண்ணாடித் துண்டை முழுவதுமாகப் படமெடுத்து, கணினித் திரையில் நுண்ணோக்கியைப் போலவே நகர்த்தியும் பெருக்கியும் பார்க்க வைப்பதுதான் டிஜிட்டல் ஸ்லைடு முறை. திருநெல்வேலி வட்டாரத்துக்கு இது ஏன் முக்கியம் என்பதற்கு வரைபடமே விடை. 1986-இல் தூத்துக்குடியும் 2019-இல் தென்காசியும் தனி மாவட்டங்களாயின. நோயாளிகளின் வழித்தடம் மாவட்ட எல்லையைப் பார்த்து மாறவில்லை. சங்கரன்கோவிலில் இருந்தாலும் திசையன்விளையில் இருந்தாலும், பெரிய ஆஸ்பத்திரி என்றால் பலருக்கும் இன்றும் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட்தான். 1965-இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை. சிறு நகரங்களில் அறுவை மருத்துவர் இருப்பார். சதையை எடுத்தும் விடுவார். அதைப் படித்துச் சொல்லும் நோய்க்குறியியல் மருத்துவர் அங்கே இருப்பது அரிது. எனவே சதை பயணம் செய்கிறது, அல்லது ஸ்லைடு பயணம் செய்கிறது.

டிஜிட்டல் ஸ்லைடு அந்தப் பயணத் தூரத்தை இல்லாமல் செய்யும். ஆனால் ஸ்லைடு உருவாகும் விதத்தை அது தொடாது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல், ஸ்லைடைப் படமெடுக்கும் கருவியான ஸ்கேனரை வாங்கினால், விலை முழுதாகவும் பலன் பாதியாகவும்தான் இருக்கும். இதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

முதலில் ஸ்கேனர் என்ன செய்கிறது என்று பார்ப்போம். நல்ல லென்ஸ், மிக நுண்மையாக நகரும் மேடை, கேமரா, இவற்றை இயக்கும் மென்பொருள் ஆகியவற்றின் சேர்க்கை அது. ஸ்லைடைக் கட்டம் கட்டமாகவோ பட்டை பட்டையாகவோ படமெடுத்து, எல்லாவற்றையும் விளிம்பு தெரியாமல் இணைக்கிறது. 40 மடங்கு பெருக்கும் லென்ஸில் எடுத்தால் ஒரு பிக்சல் என்பது சதையில் ஏறத்தாழ கால் மைக்ரான். 15 மில்லிமீட்டர் நீள அகலமுள்ள ஒரு சீவலைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு பக்கத்துக்கு 60,000 பிக்சல். மொத்தம் 360 கோடி. 1.2 கோடி பிக்சல் எடுக்கும் கைபேசிக் கேமராவின் 300 படங்களை ஒட்டிய அளவு. சுருக்காமல் வைத்தால் ஒரே ஸ்லைடு 10 ஜிபியைத் தாண்டும். சுருக்கிய பிறகும் அரை ஜிபியிலிருந்து 1 ஜிபி வரை இருக்கும்.

இவ்வளவு பெரிய கோப்பைச் சாதாரண இணைய இணைப்பில் எப்படித் திறப்பது? இதற்கான விடை நம் நில ஆவணங்களில் இருக்கிறது. மாவட்ட வரைபடம், தாலுகா வரைபடம், கிராம வரைபடம், கடைசியில் ஒரு சர்வே எண்ணுக்கான புலப்படம் என்று அடுக்கடுக்காக வைத்திருக்கிறோம் அல்லவா? அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஒரு வயலின் எல்லையைப் பார்க்க விரும்புகிறவர் மாவட்டத்தின் எல்லாப் புலப்படங்களையும் அள்ளிக்கொண்டு வருவதில்லை. டிஜிட்டல் ஸ்லைடும் அப்படியே பல அடுக்காகச் சேமிக்கப்படுகிறது. மேலடுக்கில் முழுச் சீவலும் சிறிய படமாக. கீழே போகப் போக நுணுக்கம் கூடும். ஒவ்வோர் அடுக்கும் சிறு சிறு கட்டங்களாக வெட்டி வைக்கப்பட்டிருக்கும். பார்ப்பவர் எந்த இடத்தைப் பெருக்குகிறாரோ அந்த இடத்துக்கான நாற்பது, ஐம்பது கட்டங்கள் மட்டும் வந்து சேரும். ஆகவே பார்ப்பது எளிது. வள்ளியூரில் கைபேசி இணைப்பை வைத்துக்கொண்டுகூடப் பார்க்கலாம். ஏற்றி அனுப்புவதுதான் சிரமம். நொடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் மேலேற்றும் இணைப்பில் 1 ஜிபி போய்ச் சேர 13 நிமிடம் ஆகும். ஒரு நோயாளிக்கு 20 ஸ்லைடு இருந்தால் நாலரை மணி நேரம்.

ஸ்கேனரின் உண்மையான சோதனை குவியம், அதாவது ஃபோகஸ். பெருக்கம் கூடிய லென்ஸ் ஒரே நேரத்தில் தெளிவாகக் காட்டும் ஆழம் சுமார் ஒரு மைக்ரான்தான். சீவலோ 4 மைக்ரான் கனம். அதுவும் எங்கும் ஒரே சமமாக இருக்காது. ஸ்கேனர் சில புள்ளிகளில் குவியத்தை அளந்து, மற்ற இடங்களை அவற்றிலிருந்து கணிக்கிறது. அளந்த புள்ளி ஒரு மடிப்பிலோ காற்றுக் குமிழியிலோ தூசியிலோ விழுந்துவிட்டால் சுற்றியுள்ள பகுதி மங்கிப் போகும். இன்னொரு பிழை இதைவிட ஆபத்தானது. சதை எங்கே இருக்கிறது என்பதை முதலில் எடுக்கும் சிறு படத்தைக் கொண்டுதான் ஸ்கேனர் முடிவு செய்கிறது. வெளிறிய கொழுப்புத் திசுவையும் தனியாகக் கிடக்கும் சிறு துணுக்கையும் அது வெற்றுக் கண்ணாடி என்று நினைத்து விட்டுவிடக்கூடும். புற்றுநோய் அந்தத் துணுக்கில் இருந்தால்? அதனால்தான் ஸ்கேன் முடிந்ததும் கண்ணாடியையும் திரையையும் பக்கத்தில் வைத்து, எல்லாத் துண்டும் வந்திருக்கிறதா என்று ஒருவர் கண்ணால் ஒப்பிட வேண்டும். எவ்வளவு விலையுயர்ந்த இயந்திரமானாலும் இந்த ஒப்பீட்டை விட்டுவிடக் கூடாது.

"இதற்கு ஏன் இவ்வளவு பாடு? நுண்ணோக்கியின் கண்ணருகில் கைபேசியை வைத்துப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாதா?" என்ற கேள்வி எழும். மருத்துவர்கள் தங்களுக்குள் கருத்துக் கேட்க அப்படிச் செய்வதுண்டு; அவசரத்துக்கு அது உதவவும் செய்கிறது. ஆனால் அந்தப் படத்தில் அனுப்புகிறவரின் தீர்ப்பு முன்கூட்டியே கலந்திருக்கிறது. எந்த இடம் முக்கியம் என்று அவர் நினைத்தாரோ அது மட்டும்தான் போகிறது. அவர் கண்ணில் படாமல் போன ஓரத்தை மறுமுனையில் இருக்கும் மூத்த மருத்துவராலும் பார்க்க முடியாது. முழு ஸ்லைடு போனால், எங்கே பார்ப்பது என்பதைப் பார்ப்பவரே தீர்மானிக்கிறார். இரண்டாவது கருத்து என்பதற்குப் பொருள் அப்போதுதான் வருகிறது.

படங்களை அனுப்பி நோய் அறியும் முயற்சி புதிதன்று. 1968-இலேயே பாஸ்டன் நகரின் லோகன் விமான நிலைய மருத்துவ மையத்திலிருந்து மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனைக்குத் தொலைக்காட்சி வழியாக ரத்தப் பூச்சுப் படங்கள் அனுப்பப்பட்டன. முழு ஸ்லைடை விரைவாகப் படமெடுக்கும் கருவிகள் 1990-களின் இறுதியில் வந்தன. கண்ணாடியைப் பார்க்காமல் திரையை மட்டும் பார்த்து முதல் அறிக்கையே எழுதலாம் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஒரு கருவிக்கு அனுமதி கொடுத்தது 2017 ஏப்ரலில்தான். அந்த அனுமதிக்குப் பின்னணியாக இருந்த ஆய்வில் 1,992 நோயாளிகளின் ஸ்லைடுகளை 16 மருத்துவர்கள் இரு வழியிலும் பார்த்தார்கள். மூல அறிக்கையிலிருந்து பெரிய அளவில் மாறுபட்டவை திரையில் 4.9 சதவீதம், நுண்ணோக்கியில் 4.6 சதவீதம். இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலான சிறு வித்தியாசத்தைத்தான் எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகத் தெரிவது, கண்ணாடியைப் பார்த்தாலும் 100-க்கு நாலைந்து இடத்தில் நிபுணர்கள் மாறுபடுகிறார்கள் என்பது. இரண்டாவது கருத்து சந்தேகப் பிராணிகளின் ஆடம்பரம் அல்ல என்பதை அந்த எண்ணே சொல்கிறது.

இந்தியாவிலும் இது நடந்தேறியிருக்கிறது. 2020-இன் பொது முடக்கக் காலத்தில் மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் நோய்க்குறியியல் மருத்துவர்கள் வீட்டிலிருந்தபடியே திரையில் ஸ்லைடு பார்த்து அறிக்கை தந்தார்கள்; அந்த அனுபவத்தை ஆய்விதழிலும் பதிவு செய்தார்கள். ஆனால் வேறோர் இடத்தில் வெற்றி பெற்றது என்பதற்காக இங்கே அப்படியே தொடங்கிவிட முடியாது. அமெரிக்க நோய்க்குறியியலாளர் கல்லூரியின் வழிகாட்டு நெறிப்படி, ஒவ்வோர் ஆய்வகமும் தன் ஸ்லைடுகளிலேயே குறைந்தது 60 நோயாளிகளுடையவற்றை இரு வழியிலும் பார்த்து ஒப்பிட வேண்டும். ஒரு முறை பார்த்ததற்கும் மறுமுறை பார்ப்பதற்கும் இடையே, நினைவு மங்கட்டும் என்று, இரண்டு வாரமாவது விட வேண்டும்.

திரைக்குச் சில இடங்கள் கைவராது. காசநோய், தொழுநோய்க் கிருமிகளை எண்ணெய் விட்டு 1,000 மடங்குப் பெருக்கத்தில் தேட வேண்டும்; வழக்கமான ஸ்கேன் அதற்குப் போதாது. ஊசி வழி எடுத்த செல் பூச்சுகள் கனமானவை. செல்கள் பல ஆழங்களில் குவிந்து கிடக்கும். அவற்றைப் பல அடுக்காக எடுத்தால் கோப்பின் அளவும் பல மடங்காகும். திசுக்களில் படியும் அமிலாய்டு என்ற புரதம் போன்றவற்றைக் காட்டும் துருவ ஒளி வசதி பெரும்பாலான ஸ்கேனர்களில் இல்லை. இவற்றுக்கெல்லாம் பழைய நுண்ணோக்கியே கதி.

நெல்லைச் சீமையில் ஸ்லைடு ஊர்விட்டு ஊர் போகும் கதையைப் பலரும் அறிவார்கள். இங்கே அறிக்கை வந்த பிறகு திருவனந்தபுரத்தில் 1981-இல் தொடங்கிய மண்டலப் புற்றுநோய் மையத்துக்கோ, சென்னை அடையாறு புற்றுநோய் மையத்துக்கோ, வேலூருக்கோ போகிறவர்கள் ஏராளம். அங்கே போனதும் கேட்கப்படுவது "பிளாக்கும் ஸ்லைடும் கொண்டு வந்தீர்களா?" என்பது. பிளாக் என்பது சதையைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டி. ஸ்லைடு அதிலிருந்து சீவியது. கொண்டு வராதவர்கள் திரும்பி வர வேண்டும். தென்காசிக்காரர் செங்கோட்டை வழியாக, நெல்லைக்காரர் நாகர்கோவில் வழியாக. ஒருநாள் கூலி, துணைக்கு வந்தவரின் கூலி, பஸ் செலவு. நோயாளியின் மனத்தில் ஓடும் பயத்துக்குக் கணக்கே இல்லை.

டிஜிட்டல் ஸ்லைடு இங்கே செய்யும் உதவி நேரடியானது. நோயாளி ஊரிலேயே இருக்க, படம் முன்னால் போய்ச் சேரும். அங்கிருந்து என்னென்ன வேண்டும் என்று தெரிந்துகொண்டு ஒரே பயணமாகப் போகலாம். இன்னொரு பயன் அதிகம் பேசப்படாதது. ஊசி வழி எடுத்த சதை நூல்போல் மெல்லியது. பிளாக்கை ஒவ்வொரு முறை சீவும்போதும் அது குறைகிறது. முதல் ஸ்லைடு, மறு ஸ்லைடு, மார்புப் புற்றுநோய் என்றால் எந்த மருந்து பலிக்கும் என்று காட்டும் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, ஹெர்2 சோதனைகள் என்று போய், கடைசியில் பிளாக்கில் மெழுகு மட்டும் மிஞ்சுவதுண்டு. முதல் சீவலில் தெரிந்த அந்தச் சில செல்கள் அடுத்த சீவலில் இல்லாமலே போகலாம். கண்ணாடி உடைந்தால் சான்றும் போயிற்று. முதல் நாளே எடுத்து வைத்த படம் அந்தச் சான்றைக் காக்கும். ஆனாலும் மேற்சோதனைக்கு மெழுகுக்கட்டிதான் வேண்டும் என்பதால் பிளாக்கின் பயணம் முழுதாக நிற்காது. இதைக் குடும்பங்களுக்குத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

அறுவை நடந்துகொண்டிருக்கும்போதே சதையை உறையவைத்துச் சீவி, சுமார் 20 நிமிடத்தில் பதில் சொல்லும் ஃப்ரோசன் செக்‌ஷன் இன்னொரு வாய்ப்பு. வடக்கு நார்வேயில் 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே இதைச் செய்து காட்டினார்கள். நோய்க்குறியியல் மருத்துவர் இல்லாத கிர்கெனெஸ் மருத்துவமனையின் நுண்ணோக்கியை டிரோம்சோவிலிருந்து இயக்கிப் பதில் சொன்னார்கள். தென்காசிக்கும் இது பொருந்தும். ஆனால் உறையவைத்துச் சீவும் கருவியும் அதில் கைதேர்ந்த தொழில்நுட்பரும் தென்காசியிலேயே இருந்தாக வேண்டும். அவர்கள் இல்லாமல் இணைப்பு மட்டும் இருந்து பயனில்லை.

இப்போது ஸ்கேனர் தொடாத பகுதிக்கு வருகிறேன். இதில் எனக்கு மன வருத்தமும் உண்டு, ஏனெனில் இங்கே தேவைப்படுவது பெரிய பணமே அல்ல.

உடலிலிருந்து எடுத்த நிமிடம் முதல் சதை அழுகத் தொடங்குகிறது. வெயில் 40 டிகிரியைத் தொடும் நாளில் அது இன்னும் விரைவு. தடுப்பது ஃபார்மலின். கடையில் வாங்கும் கரைசலில் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர், அமிலமாகாமல் காக்கும் உப்புகள் சேர்த்தால் தயார். சதையின் அளவைப்போல் பத்து மடங்காவது ஊற்ற வேண்டும். ஃபார்மலின் உள்ளே போகும் வேகம் மணிக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுதான். எனவே அகற்றிய மார்பை முழுசாக டப்பாவில் அமிழ்த்தினால் வெளிப்பக்கம் பதமாகி, நடுவில் இருக்கும் கட்டி அழுகும். கீறி வைக்க வேண்டும். மார்புப் புற்றுநோயில் ஏற்பிச் சோதனை சரியாக வர, எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் சேர்ந்து, 6 முதல் 72 மணி நேரம் வரை அதில் இருக்க வேண்டும் என்பது வழிகாட்டு நெறி. ஃபார்மலினுக்குப் பதிலாக சலைனில் போட்டு, சனிக்கிழமை எடுத்ததைத் திங்கள்கிழமை அனுப்பினால் செல்கள் ஊதி, கரு கரைந்து, எதையும் சொல்ல முடியாத நிலைக்குப் போய்விடும். அந்தச் சிதைவையும் ஸ்கேனர் 360 கோடி பிக்சலில் துல்லியமாகப் படமெடுக்கும். மும்பையில் இருக்கும் நிபுணர் அதைப் பார்த்துவிட்டு "மறுபடியும் சதை எடுங்கள்" என்றுதான் எழுதுவார்.

நிறமூட்டுதலும் இதே வகை. செல்லின் கருவுக்கு நீலம் தருவது ஹெமடாக்சிலின். மத்திய அமெரிக்க மரமொன்றின் வைரம் பாய்ந்த நடுக்கட்டையிலிருந்து வருவது. சாயம் முதலில் செந்நீலமாக ஏறும். சற்றே காரத்தன்மையுள்ள தண்ணீரில் அலசும்போதுதான் தெளிந்த நீலமாக மாறும். குழாய்த் தண்ணீரின் தன்மை மாறினால் நிறமும் மாறும். தாமிரபரணித் தண்ணீர் வரும் ஆய்வகமும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை நம்பும் ஆய்வகமும் ஒரே நீலத்தைத் தர வேண்டும் என்று இல்லை. பழகிய கண் இதை எளிதில் சமாளித்துக்கொள்ளும். ஓர் ஆய்வகத்தின் ஸ்லைடுகளில் பயின்ற கணினி நிரல் இன்னோர் ஆய்வகத்தின் நிறத்தில் தடுமாறும் என்பது நன்கு அறியப்பட்ட சிக்கல். ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழுள்ள புராஸ்டேட் சுரப்பியின் புற்றுநோயைச் சுட்டிக்காட்டும் நிரலொன்றுக்கு 2021-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது உண்மைதான். செயற்கை நுண்ணறிவைப் பற்றி இங்கே பேசுவதற்கு முன் தண்ணீரையும் சாயத்தையும் சீராக்குவோம்.

மருத்துவக் கல்விக்கு இந்த முறை செய்யும் நன்மையில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஹைகிரவுண்டில் ஆண்டுக்கு 250 மாணவர்கள் சேர்கிறார்கள். அரிய நோயின் ஸ்லைடு ஒன்றிரண்டுதான் இருக்கும். கைமாறிக் கைமாறிக் கீறும், சாயம் மங்கும், உடையும். டிஜிட்டல் ஸ்லைடை 250 பேரும் ஒரே நேரத்தில், விடுதியில் இருந்தபடிகூடப் பார்க்கலாம். ஆசிரியர் குறிப்பை மேலேயே எழுதி வைக்கலாம். நுண்ணோக்கியின் குமிழைத் திருப்பக் கற்பதை மட்டும் கைவிடக் கூடாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பூச்சைப் பார்க்க அந்தக் கைப்பழக்கம் வேண்டும்.

இந்த மண்ணுக்கே உரிய நோய்களும் உண்டு. குளத்திலும் தேங்கிய நீரிலும் குளிப்பவர்களின் மூக்கில், சிவந்த புள்ளிக் கட்டியாக வளரும் ரைனோஸ்போரிடியோசிஸ் தென் தமிழகம், கேரளம், இலங்கை ஆகிய பகுதிகளில் அதிகம் காணப்படுவது. நுண்ணோக்கியில் பார்த்தால், உள்ளே ஆயிரக்கணக்கான நுண்வித்துகளை அடைத்துக்கொண்ட பெரிய உருண்டைப் பைகள் தெரியும். ஒருமுறை பார்த்தவருக்கு மறக்காது. உலகின் பல மருத்துவ மாணவர்களுக்கு அது பாடப்புத்தகப் படம் மட்டுமே. மதுரையின் பெயரைத் தாங்கிய மதுரைப்பாதம் என்ற கால் வீக்க நோய், தொழுநோய், புகையிலையால் வரும் வாய்ப்புண்கள் இவற்றையெல்லாம் சேர்த்து நம் கல்லூரிகள் ஒரு திறந்த ஸ்லைடுத் தொகுப்பை உருவாக்கினால், வெளியிலிருந்து கற்பது மட்டுமன்றி வெளிக்குக் கற்பிக்கவும் முடியும். கோப்புகளைப் பார்க்கவும் அளக்கவும் க்யூபாத் போன்ற இலவசத் திறமூல மென்பொருள்கள் இருக்கின்றன.

சேமிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். நாளைக்கு 100 ஸ்லைடு, ஒவ்வொன்றும் 1 ஜிபி, ஆண்டுக்கு 300 வேலைநாள் என்று கொண்டால் 30,000 ஜிபி. எல்லாவற்றையும் வைத்திருக்கத் தேவையில்லை. கருத்துக் கேட்டவை, கற்பிக்க உதவுபவை, சிறு சதையிலிருந்து வந்தவை என்று தேர்ந்து வைக்கலாம். கண்ணாடியும் பிளாக்கும் எப்படியும் அலமாரியில் இருக்கும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில. ஸ்கேனர் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு கோப்பு வடிவம் வைத்திருக்கின்றன. பத்தாண்டு கழித்து அந்த நிறுவனத்தின் மென்பொருள் இல்லையென்றால் படம் திறக்காது. எக்ஸ்ரேக்கும் சி.டி. ஸ்கேனுக்கும் உள்ள டைகாம் என்ற பொது வடிவம் 2010 முதல் ஸ்லைடுகளுக்கும் இருக்கிறது. டெண்டரில் அதைக் கட்டாயமாக்க வேண்டும். ஸ்லைடின் ஓரத்தில் ஒட்டிய சீட்டையும் ஸ்கேனர் படமெடுத்துக் கோப்புக்குள் வைத்துவிடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. கோப்பின் பெயரை மாற்றி அனுப்பினாலும் நோயாளியின் பெயர் உள்ளே போய்க்கொண்டிருக்கும். 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இதைக் கவனக்குறைவு என்று சொல்லித் தப்பிக்க முடியாது. சீட்டில் பெயரை எழுதாமல் பார்கோடு மட்டும் ஒட்டுவது எளிய வழி.

எங்கே வைப்பது? ஊருக்கு ஒரு ஸ்கேனர் என்று பரப்புவதைவிட, ஸ்லைடு தயாரிப்பு வலுவாக இருக்கும் மருத்துவக் கல்லூரியில் ஒன்றை வைப்பதே சரி என்பது என் எண்ணம். தென்காசி, அம்பாசமுத்திரம், நாங்குநேரி, சங்கரன்கோவில் அரசு மருத்துவமனைகளின் அறுவை அரங்குகளுக்குத் தயார்நிலை ஃபார்மலின் நிரப்பிய டப்பாக்கள், எடுத்த நேரத்தை எழுதும் படிவம், வாரம் இருமுறையாவது அவற்றைச் சேகரிக்கும் வண்டி ஆகியவை ஸ்கேனருக்கு முன்பே வர வேண்டும். ஸ்லைடைத் துடைத்து, உலர்ந்ததா என்று பார்த்து, தட்டில் அடுக்கி, முடிந்த படத்தைக் கண்ணாடியோடு ஒப்பிட்டு, மங்கியதை மறுபடியும் எடுக்கத் தனியாக ஒரு தொழில்நுட்பர் பணியிடம் வேண்டும். இப்போது சதை சீவுகிறவரிடமே இதையும் கொடுத்தால் இரண்டு வேலையும் கெடும். ஸ்கேனர் வாங்கும் அரசாணையிலேயே அந்தப் பணியிடத்துக்கும் சேர்த்து ஒப்புதல் கேட்க வேண்டும்.